தனியார் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒரே கோப்பைக்கு: அமெரிக்க உயர்நிலைப்பள்ளி விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளை எட்டாம் வகுப்பை முடிக்கப்போகிறது என்றால், வீட்டுப் பக்கத்து அரசுப் பள்ளியா, கட்டணம் கட்டும் தனியார் பள்ளியா என்ற பேச்சு தொடங்கிவிடும். விளையாடும் பிள்ளையாக இருந்தால் கூடவே வேறு கேள்விகளும் வரும். அவற்றுக்கான பதில்கள் இங்கே. ஃபுட்பால் என்று எழுதியிருப்பது அமெரிக்க ஃபுட்பால். நம் ஊர்க் கால்பந்து சாக்கர். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தமும் வரும். அதனால் எண்களுக்குப் பக்கத்தில் எந்த ஆண்டு என்று சொல்லியிருந்தால் அதையும் சேர்த்தே படியுங்கள்.

ஒரே கோப்பைக்கு ஆடுவதில் என்ன அநியாயம் இருக்கிறது?

பெரும்பாலான மாநிலங்களில் இரு வகைப் பள்ளிகளும் ஒரே மாநிலப் பட்டத்துக்கு ஆடுகின்றன. சின்னப் பள்ளி பெரிய பள்ளியிடம் மாட்டி நசுங்கக் கூடாது என்பதற்காக, மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரிவு பிரிக்கிறார்கள். டெக்சஸில் 1ஏ முதல் 6ஏ வரை, இல்லினாய் ஃபுட்பாலில் 1ஏ முதல் 8ஏ வரை. மாணவர் எண்ணிக்கை ஒத்திருந்தால் பலமும் ஏறக்குறைய ஒத்திருக்கும் என்பது இதன் அடிப்படை.

அந்தக் கணக்கு இடிக்கிற இடம் எல்லைக்கோடு. வழக்கமான அரசுப் பள்ளிக்கு ஒரு வரைபடம் உண்டு. அதற்குள் குடியிருக்கும் பிள்ளைகள்தான் வருவார்கள், யார் வந்தாலும் சேர்த்தாக வேண்டும். தனியார் பள்ளிக்கு வரைபடம் இல்லை. 600 பேர் படிக்கும் நகரத்துக் கத்தோலிக்கப் பள்ளி, பல லட்சம் பேர் வாழும் நகரம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை எடுக்கலாம். 600 பேர் படிக்கும் கிராமத்து அரசுப் பள்ளிக்குச் சுற்றியுள்ள நாலு ஊர்தான். காகிதத்தில் இரண்டும் 600.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. சிறப்புக் கல்வி தேவைப்படும் மாணவர்கள், பள்ளி முடிந்ததும் வேலைக்கு ஓடுபவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் எல்லாரும் அரசுப் பள்ளியின் எண்ணிக்கையில் சேர்ந்துதான் இருக்கிறார்கள். ஆட வருபவர்களின் விகிதம் தனியார் பள்ளியில் தானாகவே கூடிவிடுகிறது.

இதையெல்லாம் முடிவு செய்வது யார்?

ஒவ்வொரு மாநிலத்தின் உயர்நிலைப்பள்ளி விளையாட்டுச் சங்கங்கள். இண்டியானாபொலிஸில் இருக்கும் அவற்றின் தேசியக் கூட்டமைப்பு ஆட்ட விதிகளை எழுதும், பங்கேற்பைக் கணக்கெடுக்கும் (2023-24-ல் 80 லட்சத்துக்கு மேல்). யார் எந்தப் பிரிவு, யார் ஆடத் தகுதி உள்ளவர், கோப்பை எத்தனை என்பவை 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக எடுக்கும் முடிவுகள். ஓஹியோ போன்ற மாநிலங்களில் உறுப்புப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் வாக்களித்துத்தான் விதி மாறும்.

தனியார் பள்ளிகள் உண்மையிலேயே அதிகம் ஜெயிக்கின்றனவா?

தனியார் பள்ளிகள் என்று பொதுவாகச் சொன்னால் தவறு. பெருநகரங்களில் இருக்கும் சில பள்ளிகள் என்றால் சரி. கலிஃபோர்னியாவின் உச்சப் பிரிவான ஓப்பன் டிவிஷன் ஃபுட்பால் பட்டத்தை 2016 முதல் 2024 வரை, ஆட்டம் நடந்த ஒவ்வொரு ஆண்டும், மேட்டர் டே அல்லது செயின்ட் ஜான் பாஸ்கோதான் எடுத்தது. இரண்டும் தெற்குக் கலிஃபோர்னியக் கத்தோலிக்கப் பள்ளிகள். அதற்கு முன் வடக்கே கான்கார்டில் உள்ள டெ லா சால் 1992 முதல் 2004 வரை தொடர்ச்சியாக 151 ஆட்டங்களில் தோற்கவில்லை.

மறுபக்கம், 11 பேரைத் திரட்ட முடியாமல் எட்டு பேர், ஆறு பேர் ஃபுட்பால் ஆடும் சின்ன மதப் பள்ளிகள் ஏராளம். தனியார் என்றால் பணக்காரப் பள்ளி என்பதும் இல்லை. நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இருந்த செயின்ட் அந்தோணி பள்ளிக்குச் சொந்தமாகக் கூடைப்பந்து அரங்கமே கிடையாது. பாப் ஹர்லியின் பயிற்சியில் 28 மாநிலப் பட்டங்களை வென்ற அந்தப் பள்ளி, பணமில்லாமல் 2017-ல் மூடப்பட்டது.

மல்டிப்ளையர் என்கிறார்களே, அது என்ன?

எல்லை இல்லாத பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை ஒரு எண்ணால் பெருக்கி, வரும் விடையை வைத்துப் பிரிவில் போடுவது. இல்லினாய் 2005-ல் கொண்டுவந்த எண் 1.65. 600 பேர் உள்ள பள்ளி 990 பேர் உள்ளதாகக் கணக்காகும். ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளி என்றால் முதலில் இரட்டிப்பாக்குவார்கள்: 700 பேர் 1400 ஆகி, அதை 1.65-ஆல் பெருக்கினால் 2310. அலபாமா 1999-லும் மிசூரி 2002-லும் எடுத்துக்கொண்ட எண் 1.35.

இல்லினாய் விதியில் கவனிக்க வேண்டிய சொல் "எல்லை இல்லாத". சிகாகோவின் மேக்னட் பள்ளிகளும் (சிறப்புப் பாடத்திட்டப் பள்ளிகள்) சார்ட்டர் பள்ளிகளும் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துபவை) அரசுப் பள்ளிகளாக இருந்தும் இந்தக் கணக்கில் வந்தன. எங்கள் பார்வையில் இதுதான் சரியான கோடு. கட்டிடம் யாருடையது என்பதைவிட, மாணவர்களை எங்கிருந்து எடுக்கலாம் என்பதே ஆட்டத்தின் முடிவை மாற்றுகிறது. ஜார்ஜியா இதே எண்ணத்தில் ஒருபடி மேலே போய், 2022-ல் தன் எல்லைக்கு வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மாணவரையும் மூன்றாக எண்ணியது, அரசுப் பள்ளியானாலும் சரி.

மல்டிப்ளையரின் பெரிய ஓட்டை, அது ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. பத்தாண்டாக ஒரு சுற்றுகூடத் தாண்டாத தனியார் பள்ளிக்கும் அதே 1.65, ஆண்டுதோறும் கோப்பை தூக்கும் பள்ளிக்கும் அதே 1.65. முதலாவது பள்ளி தன்னைவிடப் பெரிய பள்ளிகளிடம் 50 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும். இரண்டாவது மேல் பிரிவிலும் ஜெயிக்கும். இல்லினாய் பின்னால் தோற்கும் பள்ளிகளுக்கு விலக்கு கொடுத்ததும் மிசூரி 1.35-ஐக் கைவிட்டு 2020-ல் வேறு முறைக்கு மாறியதும் இதனால்தான்.

வெற்றியை வைத்து மேலே தள்ளும் முறை இதைவிடச் சரியா?

இண்டியானா 2012-ல் ஏற்ற முறை எளிமையானது. மாநிலப் போட்டி படிப்படியாக மேலே போகும் சுற்றுகளாக நடக்கும். ஓர் ஆண்டில் அணி எட்டிய உயரத்துக்கு ஏற்பப் புள்ளி: முதல் படியான செக்ஷனல் பட்டத்துக்கு 1, ரீஜனலுக்கு 2, செமிஸ்டேட்டுக்கு 3, மாநிலப் பட்டத்துக்கு 4. இரண்டு ஆண்டில் 6 சேர்ந்தால் அந்த விளையாட்டில் மட்டும் ஒரு பிரிவு மேலே. முதல் ஆண்டு மாநிலப் பட்டம், இரண்டாம் ஆண்டு ரீஜனல் என்றால் 4 + 2, மேலே போயாக வேண்டும். தனியார், அரசு என்ற பாகுபாடே இல்லை. பலம் இருப்பவர்களை மட்டும் தொடுகிறது என்பதால் மல்டிப்ளையரைவிட இது மேல்.

சிக்கல் என்னவென்றால், புள்ளி சேர்த்த பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள். மேல் பிரிவில் அடி வாங்குவது தம்பிமார்கள். கூடைப்பந்தில் இது வெறும் தோல்வி. ஃபுட்பாலில் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். சின்னப் பள்ளியில் ஒரே பையன் தாக்குதலிலும் தடுப்பிலும் ஆடுவான். பெரிய பள்ளி இரண்டுக்கும் தனித்தனி 11 பேரை இறக்கும். நான்காம் கால்பகுதியில் களைத்த பையன்தான் காயப்படுவான்.

பென்சில்வேனியா இதற்கு ஒரு திருத்தம் செய்தது. 2018-ல் வந்த அதன் விதியில் வெற்றிப் புள்ளி மட்டும் போதாது. வேறு பள்ளியிலிருந்து மாறி வந்த ஆட்டக்காரர்களும் இருக்க வேண்டும், ஃபுட்பாலில் 3 பேர், கூடைப்பந்தில் ஒருவரே போதும். அதாவது ஆள் சேர்த்து ஜெயித்தால்தான் மேலே. யோசனை நல்லதுதான். ஆனால் வலையில் விழுந்தது அலிக்விப்பா: இரும்பாலை மூடிப்போன ஏழை ஊரின் சின்ன அரசுப் பள்ளி. மைக் டிட்கா, டை லா, டாரெல் ரெவிஸ் என்று மூன்று ஹால் ஆஃப் ஃபேம் வீரர்களைத் தந்த இடம். மாணவர் எண்ணிக்கைப்படி மிகச் சிறிய பிரிவில் இருக்க வேண்டிய பள்ளியை 5ஏ-வுக்குப் போகச் சொன்னார்கள். பள்ளி 2024-ல் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. வீடு மாறுவதும் உறவினர் வீட்டில் தங்குவதும் ஏழைக் குடும்பங்களில் சாதாரணம். அதையும் ஆள் சேர்ப்பதையும் இந்த விதியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரே எண் எப்படிச் சரியாகும்?

ஆகாது. கூடைப்பந்தில் களத்தில் ஐந்து பேர். வெளியிலிருந்து இரண்டு நல்ல பையன்கள் வந்தால் அணியே வேறு. ஃபுட்பாலில் அதே இரண்டு பேரால் அவ்வளவு செய்ய முடியாது. இதைக் கணக்கில் எடுத்தது ஓஹியோ. அங்கே 2011 முதல் மூன்று ஆண்டு வாக்கெடுப்பில் தோற்று, 2014-ல் தேறி, 2017-18-ல் நடைமுறைக்கு வந்த விதி, பள்ளி முழுவதையும் பெருக்காமல் அணிப் பட்டியலைப் பார்க்கிறது. ஏழாம் வகுப்பிலிருந்து அந்தப் பள்ளியின் கல்வி வட்டத்துக்குள் இல்லாமல் வெளியிலிருந்து வந்த ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் கூடுதல் எண்: ஃபுட்பாலில் 2, கூடைப்பந்து, வாலிபால், பேஸ்பால், சாஃப்ட்பாலில் 5, சாக்கரில் 6.

300 மாணவர் கணக்குள்ள பள்ளியில் ஃபுட்பால் அணிக்கு 25 பேர் வெளியிலிருந்து வந்திருந்தால் 50 கூடி 350. சாக்கருக்கு 12 பேர் என்றால் 72 கூடி 372. ஒரே பள்ளி, இரண்டு விளையாட்டு, இரண்டு எண். நியாயத்துக்கு இதுவரை மிக அருகில் வந்த கணக்கு இதுதான். விலை, காகித வேலை: ஒவ்வொரு பிள்ளையின் ஏழாம் வகுப்பு வரலாற்றையும் பள்ளியின் விளையாட்டு இயக்குநர் அலுவலகம் தேடி எழுத வேண்டும், தவறினால் அணியின் பிரிவே மாறும்.

பேசாமல் இரண்டையும் பிரித்துவிட்டால்?

சில மாநிலங்களில் முதலிலிருந்தே தனித்தனிதான். வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் மாநிலச் சங்கம் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். டெக்சஸில் யுஐஎல் என்ற சங்கம் அரசுப் பள்ளிகளுக்கு, டாப்ஸ் என்ற சங்கம் தனியார் பள்ளிகளுக்கு. டாலஸ் ஜெசுவிட், ஹூஸ்டனின் ஸ்ட்ரேக் ஜெசுவிட் இரண்டும் விதிவிலக்காக யுஐஎல்லில் ஆடுகின்றன. நியூ ஜெர்சியில் சங்கம் ஒன்று, பட்டம் வேறு. கூடைப்பந்தில் இரு தரப்பு வெற்றியாளர்களையும் மோதவிட்ட டூர்னமெண்ட் ஆஃப் சாம்பியன்ஸும் 2022-உடன் நின்றது.

ஒன்றாக இருந்து பிரிந்த லூசியானாவைப் பார்த்தால்தான் விளைவு புரியும். 2013-ல் பள்ளிகள் வாக்களித்து ஃபுட்பால் பட்டங்களை செலக்ட் (மாணவர்களைத் தேர்ந்து சேர்க்கும் பள்ளிகள்), நான்செலக்ட் (மற்றவை) என்று உடைத்தன. அந்த ஆண்டு ஒரு மாநிலத்துக்கு ஒன்பது ஃபுட்பால் சாம்பியன். பிறகு மற்ற விளையாட்டுகளுக்கும் பரவியது. 2022-ல் செலக்ட் என்பதன் வரையறையை விரித்து, எல்லை தாண்டிச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். தனியார் வேண்டாம் என்று தொடங்கிய பிரிவினை, கடைசியில் எல்லைக்கோடு எங்கே என்ற அதே கேள்வியில்தான் வந்து நின்றது.

பிரிக்க நினைத்தாலும் எல்லா இடத்திலும் முடியாது. பென்சில்வேனியாவில் தனியார் பள்ளிகளை உள்ளே கொண்டுவந்தது 1972-ன் மாநிலச் சட்டம்; தன்னால் தனியாகப் பட்டம் வைக்க முடியாது என்று சங்கம் சொல்வது அதைக் காட்டித்தான்.

வறுமையை யாராவது கணக்கில் எடுக்கிறார்களா?

மினசோட்டா எடுக்கிறது. இலவச அல்லது சலுகை மதிய உணவுக்குத் தகுதி பெறும் மாணவர்களில் 40 சதவீதத்தை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுவார்கள். 1000 பேரில் 500 பேர் அப்படி என்றால் 200 கழித்து 800. கோடைப் பயிற்சி முகாம், கிளப் கட்டணம், தனிப் பயிற்சியாளர் எல்லாம் பணம் உள்ள வீட்டுக்குத்தான் என்பதை ஒப்புக்கொள்ளும் விதி. இதைப் பின்பற்றப் பல மாநிலங்கள் ஏன் இவ்வளவு தயங்குகின்றன என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

விளையாட்டுக்காக ஆள் பிடிப்பது சட்டப்படி குற்றமா?

சட்டக் குற்றம் இல்லை; சங்க விதிமீறல். இதன் முக்கியமான வழக்கு டென்னசியின் பிரெண்ட்வுட் அகாடமி. 1997-ல் அதன் ஃபுட்பால் கோச், ஏற்கெனவே சேர்க்கை முடிந்திருந்த எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு வசந்தகாலப் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டு, உங்கள் கோச் என்று கையெழுத்திட்டார். சங்கம் கொடுத்த தண்டனை: நான்காண்டு கண்காணிப்பு, ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் இரண்டாண்டு பிளேஆஃப் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்று) ஆடத் தடை, 3000 டாலர் அபராதம். பள்ளி பேச்சுரிமையைச் சொல்லி வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் 2001-ல் 5-4 என்று, சங்கம் அரசின் கரமாகவே செயல்படுகிறது, எனவே அரசியலமைப்பு அதைக் கட்டுப்படுத்தும் என்றது. 2007-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இந்த விதி பேச்சுரிமையை மீறவில்லை என்று சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

பள்ளியின் நலவிரும்பிகள், பழைய மாணவர்கள், பூஸ்டர் கிளப் (அணிக்கு நிதி திரட்டும் குழு) பெற்றோர் பேசினாலும் பல மாநிலங்களில் அது பள்ளி பேசியதாகவே கருதப்படும்.

விளையாட்டு உதவித்தொகை தருவார்களா?

உயர்நிலைப்பள்ளியில் ஏறக்குறைய எந்தச் சங்கமும் அனுமதிக்காது. தரலாம் என்பது குடும்ப வருமானம் பார்த்துத் தரும் நிதியுதவி மட்டும். அதுவே சந்தேகத்துக்கு இடம் என்று டென்னசி 1997-ல், அப்படி உதவி தரும் தனியார் பள்ளிகளை டிவிஷன் 2 என்று தனியே வைத்தது. கோச் வாயால் கட்டணக் குறைப்பு பற்றிச் சொன்னால் எச்சரிக்கையாகுங்கள். அந்தப் பேச்சு சேர்க்கை அலுவலகத்திலிருந்து மட்டுமே வர வேண்டும்.

அரசுப் பள்ளிகள் இதெல்லாம் செய்வதே இல்லையா?

செய்கின்றன. டெ லா சாலின் 151 ஆட்டத் தொடரை 2004-ல் முறித்தது வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வ்யூ, அரசுப் பள்ளி. அதே பள்ளியின் ஃபுட்பால் திட்டத்துக்கு 2016-ல் விதிமீறல் விசாரணைக்குப் பிறகு பிளேஆஃப் தடை விதிக்கப்பட்டது. ஃபுளோரிடாவில் 2016-ல் வந்த சட்டம், இடம் இருக்கும் எந்த அரசுப் பள்ளிக்கும் மாறி உடனே ஆடலாம் என்றது. அங்கே எல்லைக்கோடு என்பதே பெயருக்குத்தான்.

என் பெண் டென்னிஸ், கிராஸ் கன்ட்ரி மட்டும்தான். இது எங்களுக்குப் பொருந்துமா?

மாநிலத்தைப் பொறுத்தது. இண்டியானாவில் டென்னிஸ், கிராஸ் கன்ட்ரி, நீச்சல், கோல்ஃப் ஆகியவற்றுக்குப் பிரிவே கிடையாது. எல்லாருக்கும் ஒரே மாநிலப் போட்டி, வெற்றிப் புள்ளியும் இல்லை. பிரிவு உள்ள மாநிலத்தில், கிராஸ் கன்ட்ரி அணிக்கு ஏழு பேர் ஓடி ஐவரின் இடங்கள் கூட்டப்படும் என்பதால், பள்ளியின் அளவைவிட ஊரில் ஓட்டக் கிளப் இருக்கிறதா என்பதே முடிவைத் தீர்மானிக்கும். கவலைப்பட வேண்டியது டிரான்ஸ்ஃபர் (பள்ளி மாற்ற) விதிகளைப் பற்றித்தான். அவை எல்லா விளையாட்டுக்கும் பொது.

எப்போது பள்ளி மாறினால் பிரச்சினை இல்லை?

ஒன்பதாம் வகுப்பில் முதன்முறை சேரும்போது. எந்தப் பள்ளியானாலும் பொதுவாக முழுத் தகுதி உண்டு. அதற்குப் பிறகு வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால் பல மாநிலங்களில் கொஞ்ச காலம் ஆடாமல் உட்கார வேண்டும். கலிஃபோர்னியாவில் முதல் மாற்றத்துக்கு ஏறக்குறைய அரை சீசன்; சில மாநிலங்களில் ஒரு முழு ஆண்டு. ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஆடுவதற்கான எட்டு செமஸ்டர் (நான்கு ஆண்டு) கடிகாரம் ஓடும், ஆடினாலும் ஆடாவிட்டாலும். ஓராண்டு பின்தங்க வைத்தால் வயது வரம்பும் இடிக்கும். 19 நிறைவதற்கான தேதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் புதிய பள்ளியின் விளையாட்டு இயக்குநருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்த நாளிலிருந்து தகுதி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கோச்சின் வாய்மொழி எதற்கும் செல்லாது. பிள்ளையின் கிளப் கோச்சே அந்தப் பள்ளியிலும் கோச் என்றால் அதை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள்.

நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்தால் என்ன ஆகும்?

கண்டுபிடித்தால் பிள்ளை தகுதி இழக்கும். அவன் ஆடிய ஆட்டங்கள் அத்தனையும் அணிக்குத் தோல்வியாக எழுதப்படும். மற்ற பதினைந்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிப்பார்கள். கலிஃபோர்னியாவில் பொய்த் தகவலுக்கான 202-ஆம் விதிப்படி 24 மாதம் வரை தடை வரலாம். 2025-ல் தெற்குக் கலிஃபோர்னியாவில் அந்த விதியின் கீழ்ப் பல ஃபுட்பால் மாணவர்கள் தகுதி இழந்தார்கள், தனியார், அரசு இரண்டிலும். பொதுவாக மாட்டிக்கொள்வது மின்கட்டண ரசீதும் வாடகை ஒப்பந்தமும் பழைய பள்ளியின் பதிவோடு ஒத்துப்போகாத இடத்தில்.

ஊரிலிருந்து அண்ணன் மகனை அழைத்துவந்து இங்கே படிக்க வைத்து ஆட வைக்கலாமா?

எஃப்-1 மாணவர் விசாவில் அரசு உயர்நிலைப்பள்ளியில் அதிகபட்சம் 12 மாதம்தான், அதற்கும் முழுச் செலவைக் கட்ட வேண்டும். தனியார் பள்ளிக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் படிக்க அனுமதி வேறு, ஆடத் தகுதி வேறு. சித்தப்பா பாதுகாவலர் என்று பத்திரம் எழுதினாலும், பெற்றோர் குடிமாறியதற்குச் சமமாக அதைப் பெரும்பாலான சங்கங்கள் ஏற்பதில்லை. வெளிநாட்டு மாணவருக்கான தனிப் படிவத்தைப் பள்ளி மூலம் சீசனுக்கு முன்பே அனுப்ப வேண்டும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் அவர்களுடன் வசிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மற்ற மாணவர்களைப் போலத்தான்.

எங்கள் பள்ளி எந்தப் பிரிவில், ஏன் என்று எங்கே பார்ப்பது?

மாநிலச் சங்கத்தின் இணையதளத்தில் கிளாசிஃபிகேஷன் என்ற பகுதியில். பெரும்பாலும் இரண்டு நெடுவரிசை இருக்கும்: உண்மையான மாணவர் எண்ணிக்கை, திருத்திய எண்ணிக்கை. இரண்டும் ஒன்றாக இருந்தால் எந்தக் கூட்டலும் இல்லை. வேறாக இருந்தால் இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள்; 1.65 போன்ற மாறாத எண் வந்தால் மல்டிப்ளையர், விளையாட்டுக்கு விளையாட்டு மாறினால் ஓஹியோ போன்ற முறை. எண் மாறாமல் பிரிவு மட்டும் ஒரு படி மேலே இருந்தால் அது வெற்றிப் புள்ளி. கணக்கு தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய வேண்டியது பள்ளி. பெற்றோர் நேராக அனுப்பும் கடிதத்தைச் சங்கம் ஏற்காது. பட்டியல் வெளியானதும் மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதியைப் பார்த்து, அதற்குள் தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.